எடை குறைக்கும் மருந்து வேலை செய்கிறதா? தராசு, நாடா, இரத்தப் பரிசோதனை: எதை நம்பி முடிவெடுப்பது

நிறை குறைக்க டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை இரண்டு மூன்று மாதம் பாவித்தவர்களுக்கு ஒரே கேள்விதான் வரும்: அடுத்த பேனாவை, அதாவது மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவை, வாங்குவதா, வேண்டாமா? மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. மருந்து பெரும்பாலும் சொந்தக் காசில், தனியார் பாமசியில். டொக்டரைப் பார்ப்பதென்றால் ஹட்டனுக்கோ பதுளைக்கோ கண்டிக்கோ ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டும். வேலை செய்யாத மருந்துக்குத் தொடர்ந்து காசு கட்டுவதும் நட்டம். வேலை செய்து கொண்டிருக்கும் மருந்தை அவசரப்பட்டு நிறுத்துவது அதைவிடப் பெரிய நட்டம். வீட்டுத் தராசு, கிளினிக் தராசு, அளவு நாடா, பசி, இரத்தப் பரிசோதனை, அக்கம்பக்கத்துப் பேச்சு என்று அளவுகோல்கள் நிறைய. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பதால்தான் குழப்பம் வருகிறது.

முதலில் தேதி

எந்த அளவுகோலைக் கையில் எடுத்தாலும் எந்த நாளில் தீர்ப்புச் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது மருந்துக்கு மருந்து மாறும்.

ஓர்லிஸ்டட் குளிசைக்குப் படிப்படியாகக் கூட்டும் வேலை இல்லை. முதல் நாளிலிருந்தே 120 மில்லிகிராம், கொழுப்புள்ள சாப்பாட்டோடு நாளைக்கு மூன்று தரம். ஆகவே 12 வாரம் போதும். அதற்குள் ஆரம்ப நிறையில் 5 சதவீதம் குறையாவிட்டால் நிறுத்தச் சொல்வதே ஐரோப்பிய விதி. லிராக்ளூட்டைட் நாளாந்த ஊசி. 0.6 மில்லிகிராமில் தொடங்கி, கிழமைக்கு 0.6 கூட்டி, ஐந்தாவது கிழமையில் 3 மில்லிகிராமுக்கு வரும். முழு அளவுக்கு வந்த பிறகு 12 வாரம் போட்டும் 5 சதவீதம் குறையவில்லை என்றால் நிறுத்த வேண்டும்.

கிழமைக்கு ஒரு தரம் போடும் செமாக்ளூட்டைட்டில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். நிறை குறைப்புக்கான முழு ஏற்றம் இப்படி: முதல் 4 வாரம் 0.25, அடுத்த 4 வாரம் 0.5, பிறகு 1.0, பிறகு 1.7, கடைசியில் 2.4 மில்லிகிராம். கணக்குப் பார்த்தால் 17ஆவது வாரத்தில்தான் முழு அளவு. முதல் மாத 0.25 வயிற்றைப் பழக்குவதற்கு மட்டும். அந்த மாதத்தில் ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று பேனாவைத் தூக்கிப் போடுவது, மருந்தைத் தொடங்காமலே நிறுத்துவதற்குச் சமம். டிர்ஸெபடைட்டும் அப்படியே: 2.5 மில்லிகிராமில் 4 வாரம், பிறகு 5. அதற்கு மேல் தேவைப்பட்டால் குறைந்தது 4 வாரத்துக்கு ஒரு தரம் 2.5 ஆகக் கூட்டி 15 வரை போகலாம். பிரித்தானிய வழிகாட்டல்கள் இவை இரண்டுக்கும் ஆறு மாதத்தில் 5 சதவீதம் என்ற கோட்டைத்தான் வைத்திருக்கின்றன. டிர்ஸெபடைட்டுக்கு அந்த ஆறு மாதத்தை, உடம்பு தாங்கக்கூடிய உச்ச அளவுக்கு வந்த பிறகு எண்ண வேண்டும்.

5 சதவீதம் என்பது ஆரம்ப நிறையில் 5 சதவீதம். 82 கிலோவில் தொடங்கியவருக்கு 4.1 கிலோ, அதாவது தராசு 77.9க்கு வர வேண்டும். 64 கிலோவில் தொடங்கியவருக்கு 3.2 கிலோ போதும். “அவளுக்கு ஏழு கிலோ குறைஞ்சிருக்கு, எனக்கு நாலுதானே” என்ற ஒப்பீடு இங்கேயே அடிபட்டுப் போகிறது. முதல் ஊசி போட்ட அன்று காலை எவ்வளவு நிறை என்பதைக் கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் நிற்காது.

சீனி வருத்தம் உள்ளவர்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். செமாக்ளூட்டைட் 2.4 மில்லிகிராமை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளில், சீனி வருத்தம் இல்லாதவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அதே காலத்தில் 9.6 சதவீதம்தான். சீனிக்காக 1 மில்லிகிராமோடு நின்றவர்களுக்கு ஏறக்குறைய 7 சதவீதம். முதல் கூட்டத்திலும்கூட 100 பேரில் 86 பேர்தான் 5 சதவீதத்தைத் தொட்டார்கள். மிச்சம் 14 பேரும் சோம்பேறிகள் இல்லை. சில உடம்புகளுக்கு அந்த மருந்து பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

வீட்டுத் தராசா, கிளினிக் தராசா

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வீட்டுத் தராசுதான் எங்கள் தேர்வு. அது நல்ல தராசு என்பதற்காக இல்லை, எப்போதும் அதே தராசு என்பதற்காக. கிளினிக்கில் போன தரம் ஒரு தராசு, இந்தத் தரம் வேறொன்று. காலையில் ரொட்டி சாப்பிட்டு, இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்து, சப்பாத்தோடு வரிசையில் நின்று ஏறுகிறோம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் ஸ்வெட்டர், சால்வை, காலுறை, சப்பாத்து எல்லாம் சேர்ந்தால் 2 கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். 70 கிலோக்காரருக்கு 5 சதவீதம் 3.5 கிலோ. மார்கழியில் ஸ்வெட்டரோடு ஏறி, சித்திரையில் மெல்லிய சட்டையோடு ஏறினால் மருந்து போடாமலே பாதி வெற்றி கிடைத்துவிடும். தேதிகள் மாறி வந்தால் நல்ல மருந்தும் தோற்றுப்போனதாகத் தெரியும்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றித் தோட்டங்களில் நடந்த சண்டைகளை அறிந்தவர்களுக்கு, தராசைச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. வீட்டு டிஜிட்டல் தராசைச் சோதிக்கப் பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை ஒன்று போதும். முதலில் நீங்கள் மட்டும் ஏறி எண்ணைக் குறியுங்கள். பிறகு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் 4.9க்கும் 5.1க்கும் இடையில் வந்தால் தராசு சரி. பையை மட்டும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஆள் நிறுக்கும் தராசுகள் சின்ன நிறையில் பிழையாகக் காட்டும். அடுத்தது தரை. பழைய லயத்து வீடுகளின் சீமெந்துத் தரையில் மேடு பள்ளம் இருக்கும். தராசின் நாலு காலுக்கும் அடியில் ஒரு கடதாசித் துண்டைச் செருகிப் பாருங்கள். ஏதாவது ஒரு காலுக்கடியில் அது தாராளமாக நுழைந்தால் இடத்தை மாற்றுங்கள். பாய், சாக்கு, கார்ப்பெட் மேல் வைத்தால் அரைக் கிலோ, ஒரு கிலோ பொய் சொல்லும். பற்றரி இறங்கினாலும் அப்படித்தான்.

நிறுக்கும் நேரம்: விடியற்காலை, மலசலகூடம் போய் வந்த பிறகு, தேத்தண்ணிக்கு முன், வெறுங்காலோடு, ஒரே மாதிரியான மெல்லிய உடுப்போடு. கிழமையில் மூன்று நாள் நிறுத்துச் சராசரி எடுங்கள். ஒரு நாள் எண்ணை நம்ப வேண்டாம். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சாப்பிட்ட மறுநாள் உப்பு தண்ணீரைப் பிடித்து வைப்பதால் ஒரு கிலோ ஏறி நிற்கும். மலச்சிக்கலும் அதைச் செய்யும், இந்த ஊசிகளுக்கு அது சாதாரணப் பக்கவிளைவு. மாதவிடாய் வருவதற்கு முந்திய நாட்களில் 1 முதல் 2 கிலோ கூடுவது இயல்பு. ஆகவே பெண்கள் போன மாதத்து அதே நாட்களோடு ஒப்பிட வேண்டும், போன கிழமையோடு இல்லை.

கிளினிக் தராசை ஒதுக்கிவிடவும் முடியாது, டொக்டர் பார்ப்பது அந்த எண்ணைத்தான். கிளினிக் போகும் அன்று காலையில் வீட்டிலும் நிறுத்து, கிளினிக் எண்ணுக்குப் பக்கத்தில் “வீடு 79.4” என்று எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று தரம் இப்படி எழுதினால் இரு தராசுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். வீட்டில் தராசு இல்லாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் நடக்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களைப் பாவிக்கலாம். உயரம், நிறை, இடுப்பளவு, பிரஷர், சீனி எல்லாம் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.

அளவு நாடா

தராசுக்கு அடுத்த இடம் இதற்கு. சில பேருக்கு முதலிடம்கூட. எங்கள் ஆட்களுக்குக் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும் உடல்வாகு அதிகம். அந்த வயிற்றுக் கொழுப்புத்தான் சீனிக்கும் இருதய நோய்க்கும் வழி திறப்பது. தெற்காசியர்களுக்கு இடுப்பளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பது உலகளவில் ஏற்றுக்கொண்ட எல்லை. இன்னும் எளிதான கணக்கு: இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 152 சென்டிமீட்டர் உயரமானவருக்கு 76.

பிழை நடப்பது அளக்கும் இடத்தில்தான். பாவாடை நாடா கட்டும் இடமும் இல்லை, சாரம் கட்டும் இடமும் இல்லை, கொழுந்தெடுக்கப் போகும்போது படங்கு கட்டும் இடமும் இல்லை. விலாவின் கடைசி எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். நாடா அந்தப் புள்ளி வழியாகத் தரைக்குச் சமாந்தரமாகச் சுற்ற வேண்டும். முதுகுப் பக்கம் கீழே சரிவதைக் கண்ணாடியிலோ வேறொருவரைக் கொண்டோ பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல், நாடா தோலில் பதியாமல் வாசியுங்கள். இரண்டு தரம் அளந்து 1 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தரம். தைக்கும் கடைகளில் பழகி இழுபட்டுப்போன துணி நாடா வேண்டாம். ஒரு அடிமட்டத்தோடு வைத்துச் சரி பார்த்த புது நாடா போதும்.

மாதத்துக்கு ஒரு தரம் அளந்தால் போதும். கிழமைக்குக் கிழமை நாடாவில் பெரிதாக எதுவும் தெரியாது. தராசு நகராமல் நாடா 3, 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பசி

மூன்றில் முதலில் பேசுவது பசிதான், ஆனால் கடைசித் தீர்ப்பு அதனுடையது இல்லை. செமாக்ளூட்டைட்டும் டிர்ஸெபடைட்டும் மூளைக்கும் இரைப்பைக்கும் போதும் என்று சொல்லும் மருந்துகள். தராசு அசைவதற்கு முன்பே நாலு ரொட்டி சாப்பிட்டவர் இரண்டோடு எழும்புவார். பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிஸ்கட் தேடாமல் இருப்பார். இதை மனக்கணக்கில் வைக்காமல் எழுதுங்கள்: கிழமையில் இரண்டு நாள், பகல் சாப்பாட்டுக்கு முன் பசி பத்துக்கு எத்தனை, எவ்வளவு சாப்பிட்டீர்கள், சாப்பாட்டுக்கு இடையில் சாப்பாட்டு நினைப்பு எவ்வளவு. எந்த இரண்டு நாள் என்பது முக்கியம். செமாக்ளூட்டைட் ஊசி போட்டு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அதனால் இரண்டாம் நாள் ஒன்று, அடுத்த ஊசிக்கு முதல் நாள் மற்றொன்று. இரண்டு நாளிலும் பசி ஒரே மாதிரி உச்சத்தில் இருந்தால் அளவு போதவில்லை, அல்லது மருந்தில் ஏதோ பிழை.

குமட்டலையும் நிறைவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டைப் பார்த்தாலே வாந்தி வருகிறது, அதனால் மெலிகிறேன் என்பது மருந்து நன்றாக வேலை செய்வதற்கு அடையாளம் இல்லை. அளவு வேகமாக ஏறிவிட்டது என்பதற்கு அடையாளம். இன்னொன்று: பசி குறைந்தும் நிறை குறையாதவர்கள் குடிப்பதைக் கணக்கெடுக்க வேண்டும். கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி போட்டு நாளைக்கு ஆறு கோப்பை தேத்தண்ணி என்றால் 12 கரண்டி, 200 கலோரிக்கு மேல். எந்த ஊசியும் அதைத் தடுக்காது, சீனித் தண்ணீர் வயிற்றை நிரப்புவதில்லை.

ஓர்லிஸ்டட்டுக்குப் பசி அளவுகோலே இல்லை. அது பசியைத் தொடாது. குடலில் கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்தை உறிஞ்ச விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். கோதுமை ரொட்டி, பாண், சோறு, சீனித் தேத்தண்ணி என்று மாவும் சீனியுமாகச் சாப்பிடுபவருக்கு அது தடுப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. தோட்டப் பக்கத்துச் சாப்பாட்டு முறைக்கு இது பொருத்தமான மருந்து என்று எங்களுக்குத் தோன்றவில்லை. வடை, பொரியல், தேங்காய்ச் சம்பல் என்று எண்ணெயும் தேங்காயும் தாராளமாகச் சேர்ப்பவர்களுக்கு வேலை செய்யும். எண்ணெய் கலந்த மலத்தைக் கொண்டு அதை அவர்களே அறிவார்கள். கொழுப்பில் கரையும் விற்றமின்களும் சேர்ந்து போவதால், படுக்கப் போகும்போது பல்விற்றமின் குளிசை ஒன்று எடுக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை

சீனி, கொலஸ்ட்ரோல், ஈரல் எல்லாம் நிறையோடு சேர்ந்து திருந்தும். ஆனால் இவற்றை வைத்து “நிறை மருந்து வேலை செய்கிறது” என்று சொல்வதில் ஒரு சறுக்கல் உண்டு. இந்த ஊசிகள் நிறை குறையாவிட்டாலும் சீனியை நேரடியாக இறக்கும். இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 8.6இலிருந்து 7.1க்கு வந்தும் தராசு அசையாமல் இருக்கலாம். அப்போது சீனி மருந்தாக அது வென்றது, நிறை மருந்தாகத் தோற்றது. சீனிக்காகத் தொடர்வதா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் பதில் ஆம்.

எச்பிஏ1சி கடந்த 8 முதல் 12 வாரத்துக் கதையைச் சொல்வது. மாதத்துக்கு ஒரு தரம் செய்வது காசு விரயம். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இரத்தச்சோகை. தோட்டத்துப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு அதிகம், அது எச்பிஏ1சியை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். இரும்புக் குளிசை தொடங்கிய பிறகு எண் இறங்கினால், அந்தப் பெருமையை ஊசிக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் வெறும் வயிற்றுச் சீனியையும் சேர்த்துப் பாருங்கள்.

சீனிக்குக் கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் ஊசியோடு சேர்த்து அதே அளவில் தொடர்ந்தால் சீனி இறங்கி விழலாம். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் மருந்து நன்றாகப் பிடிக்கிறது என்று இருந்துவிடாமல், உடனே இனிப்பு எடுத்துவிட்டு டொக்டரிடம் அளவைக் குறைக்கக் கேட்க வேண்டும். பிரஷர் குளிசைக்கும் இது பொருந்தும்: எழும்பி நிற்கும்போது தலை சுற்றினால் அளந்து பாருங்கள்.

மற்ற அளவுகோல்கள் சுருக்கமாக. சட்டை தொளதொளப்பது நல்ல அடையாளம், ஆனால் எண் இல்லாத அடையாளம். உடம்பின் கொழுப்புச் சதவீதம் காட்டும் தராசுகள் தண்ணீர் குடித்ததற்கும் குடிக்காததற்கும் வேறு வேறு சொல்லும், அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அக்கம்பக்கம் முகத்தைத்தான் பார்க்கும். “என்ன அக்கா, சுகமில்லையா, முகம் வத்திப் போச்சே” என்று கேட்டால் சிரித்துவிட்டு நாடாவை எடுங்கள்.

குறையவில்லை என்றால்: மருந்து உள்ளே போனதா?

தோல்வி என்று எழுதுவதற்கு முன் இதைச் சோதிக்காவிட்டால், பிழை செய்தது மருந்தா நாமா என்று தெரியாமலே அதைவிட விலை கூடிய ஒன்றுக்கு மாறுவோம்.

பேனா வந்த வழியைப் பாருங்கள். திறக்காத பேனா 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். கொழும்பில் வாங்கி வெயில் அடிக்கும் பஸ் கண்ணாடிக்குப் பக்கத்தில் பதுளை வரை வந்திருந்தால், அல்லது ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் இரண்டுமே கெடுதல். ஐஸுக்கும் பேனாவுக்கும் இடையில் துணி வேண்டும். வீட்டில் ஒற்றைக் கதவுப் பிரிஜ் என்றால் மேலே இருக்கும் உறைபெட்டிக்குக் கிட்டவோ பின் தகட்டில் ஒட்டியோ வைக்க வேண்டாம். ஒரு தரம் உறைந்த பேனா, இளகி வந்தாலும் கழிவுதான், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நுவரெலியாப் பக்கம் அறைச் சூடு 30 பாகைக்கு மேல் போவதில்லை என்பதால் கரண்ட் வெட்டினால் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. பேனாப் பெட்டியில் எழுதியிருக்கும் “திறந்த பிறகு இத்தனை நாள்” கணக்கை மட்டும் மீறாதீர்கள்.

ஊசி போடும் கை: புதுப் பேனாவில் முதலில் ஒரு துளி வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். குத்திய பிறகு எண் பூச்சியத்துக்கு வந்ததும் உடனே இழுத்துவிடாமல் ஆறு வரை மெதுவாக எண்ணுங்கள். எடுத்த பிறகு தோலில் நிறைய ஈரம் நின்றால் மருந்து வெளியே வடிந்திருக்கிறது. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி பட்ட தோலில் மருந்து சரியாக ஏறாது. வயிறு, தொடை என்று மாற்றுங்கள். ஒரு பேனாவை வீட்டில் இரண்டு பேர் பங்கு போடுவது, ஊசி முனையை மாற்றினாலும், நோய் தொற்றும் வழி.

குளிசை வடிவ செமாக்ளூட்டைட் எடுப்பவர்களுக்கு எதிரி விடியற்காலைத் தேத்தண்ணிதான். வெறும் வயிற்றில், 120 மில்லிலீட்டருக்கு மேற்படாத பச்சைத் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணித்தியாலம் எதுவும் தொடக் கூடாது. வெறுந்தேத்தண்ணியும் இல்லை, வேறு குளிசையும் இல்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினால் ஏற்கனவே கொஞ்சமாக ஏறும் மருந்து இன்னும் குறைந்து போகும். வழமையாக முதல் மாதம் கொடுக்கும் 3 மில்லிகிராம் பழக்கும் அளவு என்பதையும் மறக்க வேண்டாம்.

பாமசியில் மருந்து முடிந்து இரண்டு கிழமை இடைவெளி விழுந்திருந்தால் அதையும் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஊசி விடுபட்டால் அதே உயர்ந்த அளவில் நேரே தொடங்காமல் டொக்டரைக் கேட்க வேண்டும். தீர்ப்புத் தேதியும் அதற்கேற்பத் தள்ளிப் போகும்.

மற்ற மருந்துகளைப் பாருங்கள். மூச்சிழுப்புக்காக அடிக்கடி எடுக்கும் பிரட்னிசொலோன், வலிப்புக்கான வல்புரோயேட், மனநோய்க்கான ஒலன்ஸபின், தூக்கத்துக்கு எடுக்கும் அமிட்ரிப்டிலின், இன்சுலின், மூன்று மாதக் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி ஆகியவை நிறையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டியலை டொக்டருக்குக் காட்டுங்கள். தைரொயிட்டை ஒரு தரம் பார்ப்பதும் நல்லது. மாதவிடாய் தள்ளிப் போயிருந்தால் தராசுக்கு முன் கர்ப்பப் பரிசோதனை. நிறை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும், டிர்ஸெபடைட் கருத்தடைக் குளிசையின் வேலையையும் குறைக்கக்கூடியது. செமாக்ளூட்டைட்டைக் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

மருந்தே போலியா என்பதும் வெறும் பயம் இல்லை. 2024 ஜூன் மாதத்தில் உலக சுகாதார அமைப்பு போலி செமாக்ளூட்டைட் பற்றி எச்சரிக்கை விட்டது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான மருந்தை டொக்டரின் மருந்துத் துண்டைக் கொடுத்துப் பாமசியில் வாங்குங்கள். முகநூலில் வாங்கி உடைந்த பெட்டியில் வந்த பேனாவை வைத்து எந்த மருந்தையும் மதிப்பிட முடியாது. கூடவே “மெலியும் கோப்பி”, “மூலிகைப் பொடி” குடிப்பவர்களும் அப்படியே. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருதய ஆபத்துக்காகச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ரமின் இப்படியான பொடிகளில் ஒளித்துக் கலக்கப்பட்டுப் பலதரம் பிடிபட்டிருக்கிறது.

தொடர்வதா, கூட்டுவதா, மாற்றுவதா, விடுவதா

இதெல்லாம் சரியாக இருந்து, தேதியும் வந்துவிட்டது என்றால் முடிவு அவ்வளவு சிக்கலானது இல்லை.

5 சதவீதம் தாண்டி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, வயிறும் தாங்குகிறது என்றால் அதே அளவில் நில்லுங்கள். உச்ச அளவுக்குப் போயே ஆக வேண்டும் என்று இல்லை. 1 மில்லிகிராமில் நன்றாக இறங்குபவர் 2.4க்குப் போவது காசையும் குமட்டலையும் கூட்டும். இதைப் பற்றி டொக்டரிடம் வாய் திறந்து கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2, 3 சதவீதம்தான் குறைந்திருக்கிறது, பக்கவிளைவு இல்லை, மேலே இன்னும் படி இருக்கிறது என்றால் கூட்டுவது சரியான தேர்வு. உச்ச அளவிலும், அல்லது தாங்கக்கூடிய கடைசி அளவிலும் ஆறு மாதம் போட்டு 5 சதவீதம் வரவில்லை என்றால் இன்னும் ஒரு பேனா, இன்னும் ஒரு பேனா என்று இழுக்காமல் மாற்றுவதைப் பேசுங்கள். ஓர்லிஸ்டட்டிலிருந்தோ லிராக்ளூட்டைட்டிலிருந்தோ செமாக்ளூட்டைட்டுக்கோ டிர்ஸெபடைட்டுக்கோ மாறுவதில் பலன் எதிர்பார்க்கலாம். டிர்ஸெபடைட்டின் பெரிய ஆய்வில், சீனி வருத்தம் இல்லாதவர்களுக்கு 72 வாரத்தில் 15 மில்லிகிராம் சராசரியாக 20.9 சதவீதம் குறைத்தது. ஆனால் விலையையும் ஒரு வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆறு மாதத்தில் காசு முடிந்து நிறுத்த வேண்டி வரும் மருந்துக்கு மாறுவது நல்ல மாற்றம் இல்லை.

அசையாத தராசில் இரண்டு வகை உண்டு. ஒருபோதும் இறங்காதது ஒன்று. நன்றாக இறங்கி, ஒரு வருடம் கழித்து ஒரே இடத்தில் நிற்பது மற்றொன்று. இரண்டாவதைத் தோல்வி என்று எண்ணி மருந்தை விடுபவர்கள் நிறையப் பேர். செமாக்ளூட்டைட் ஆய்வில் 60ஆவது வாரத்துக்குக் கிட்ட சராசரி இறக்கம் தட்டையாகிறது. அந்தக் கட்டத்தில் மருந்தின் வேலை பிடித்து வைப்பது. அதே ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்துக்குள் குறைத்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வேகமாகக் குறைவதும் கவனத்துக்குரியது. முதல் கிழமைகளைத் தவிர்த்து, கிழமைக்கு 1.5 கிலோவுக்கு மேல் தொடர்ந்து போனால் பித்தக்கல்லும் தசை இழப்பும் வரலாம். தசையைச் சோதிக்க ஒரு கதிரை போதும்: கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் கால் பலம் குறைகிறது. மலைப்படி ஏறி வேலை செய்பவருக்கு இது தராசைவிட முக்கியம். சிறுநீரக நோய் இல்லாதவர்கள் உடல் நிறையின் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் சாப்பிடப் பாருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் பருப்பில் 12, 50 கிராம் காய்ந்த சோயா மீட்டில் 25 இருக்கிறது. பசி இல்லாத நாட்களில் தட்டில் இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைத் தொடுங்கள்.

மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி எடுத்து முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் வந்தால், அல்லது வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சலும் கண் மஞ்சளும் வந்தால், மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு அடுத்த ஊசியை நிறுத்தி 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

காசு காரணமாகவோ பலன் இல்லாததாலோ விடுவது என்று முடிவானால், அதை டொக்டருக்குத் தெரிந்தே செய்யுங்கள். சீனியும் பிரஷரும் ஏறினால் பழைய குளிசைகளின் அளவை அவர்தான் திருப்ப வேண்டும். விட்ட பிறகும் முன்போலவே கிழமைக்கு மூன்று நாள் நிறுத்துச் சராசரி எழுதுங்கள். பசி இரண்டு மூன்று கிழமைக்குள் திரும்பி வரும். விட்ட நாளின் நிறையைவிட 2 கிலோ கூடிய கிழமையிலேயே, அடுத்த கிளினிக் தேதி வரட்டும் என்று இருக்காமல், கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்.